பாராட்டுப் பத்தியும் பணியிடக் கணக்கும்

இந்தியாவில் இதுவரை வந்த கல்விக் கொள்கை எதை எடுத்துப் பிரித்தாலும் ஆசிரியரைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி இருக்கும். கல்வியின் தரத்தைத் தீர்மானிக்கும் எல்லாவற்றிலும் ஆசிரியரே முதன்மையானவர் என்கிறது 1968 கொள்கை. எந்த மக்களும் தங்கள் ஆசிரியர்களின் தரத்தைத் தாண்டி உயர முடியாது என்கிறது 1986 கொள்கை. குழந்தைகளின் எதிர்காலத்தையும் அதன் வழியே நாட்டின் எதிர்காலத்தையும் உருவாக்குபவர்கள் ஆசிரியர்கள்தான் என்கிறது 2020 கொள்கை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் பக்கத்தைத் திருப்பி, இதற்கு எத்தனை பேரை வேலைக்கு எடுக்கப் போகிறார்கள், என்ன சம்பளம், அதை மத்திய அரசு கொடுக்குமா மாநில அரசு கொடுக்குமா என்று தேடினால் வாக்கியங்கள் மெல்லக் குழைய ஆரம்பிக்கும். படிப்படியாக, கூடிய விரைவில், நிதி நிலைமைக்கு ஏற்ப.

நான் இங்கே சொல்ல வருவது இதுதான். நம் நாட்டில் ஆசிரியரைக் கௌரவிப்பது ஒரு துறை வேலை மாதிரியும், கல்வியைத் திட்டமிடுவது இன்னொரு துறை வேலை மாதிரியும் நடக்கிறது. முதல் துறைக்குச் செலவு குறைவு, ஒரு மேடையும் சால்வையும் போதும். இரண்டாவது துறையில் ஆசிரியர் என்றாலே சம்பளச் செலவு, அதனால் அங்கே அவரை எப்படிக் குறைப்பது என்றுதான் எப்போதும் பேச்சு.

செப்டம்பர் 5-ஐயே எடுத்துக்கொள்வோம். 1888-ல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1962-ல் குடியரசுத் தலைவரானார், அந்த வருடத்திலிருந்து அவர் பிறந்த நாள் நமக்கு ஆசிரியர் தினம். உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5. அது யாருடைய பிறந்த நாளும் இல்லை. 1966 அக்டோபர் 5 அன்று யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் முன்னின்று ஏற்ற ஒரு பரிந்துரை ஆவணத்தின் நாள் அது. அந்த ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம், ஆசிரியர் சம்பளம் எதோடு ஒப்பிட்டு இருக்க வேண்டும், பணிப் பாதுகாப்பு, விடுப்பு, பேறுகாலம், ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை, கொள்கை வகுக்கும்போது ஆசிரியர் சங்கங்களைக் கலந்து பேசுவது, இப்படிப் போகிறது. ஒரு மாதிரி வேலை ஒப்பந்தம் என்றே சொல்லலாம். நாம் கொண்டாடும் நாளில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார், உலகம் கொண்டாடும் நாளில் பணி நிபந்தனைகள் இருக்கின்றன. நம் பள்ளிகளில் அக்டோபர் 5 சத்தமே இல்லாமல் கடந்து போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

தேசிய நல்லாசிரியர் விருது 1958-லிருந்து இருக்கிறது. 2018-ல் அதன் முறையை மாற்றினார்கள். முன்பு முந்நூறுக்கும் மேல் கொடுத்துக்கொண்டிருந்ததை ஐம்பதுக்குள் சுருக்கினார்கள், ஆசிரியரே இணையத்தில் தன்னைத் தானே முன்மொழிந்து, தான் செய்த சாதனைகளுக்குச் சான்றும் படமும் வீடியோவும் ஏற்ற வேண்டும் என்றும் ஆக்கினார்கள். சிபாரிசைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, அது புரிகிறது. ஆனாலும் வகுப்பில் நல்லபடியாக வேலை செய்கிற பலருக்குத் தான் செய்வதைப் படம் பிடித்து வைக்கும் பழக்கமே கிடையாது.

நாம் பள்ளியை நினைத்துப் பார்க்கும்போது மனதில் என்ன நிற்கிறது? பழைய வகுப்புத் தோழர்கள் கூடும் இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். பாடத்திட்டம் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எங்கள் கணக்கு வாத்தியார் பத்தாம் வகுப்புக்குச் சாயங்காலம் தனியாக வகுப்பு எடுத்தார், கரண்ட் போனால் பெட்ரோமாக்ஸ் கொண்டுவரச் சொல்வார், அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை. தமிழ் ஐயா செய்யுளை முதலில் விளக்கவே மாட்டார், ராகம் போட்டு இரண்டு தடவை படிப்பார், மூன்றாவது தடவை நாங்கள் படித்துக்கொண்டிருப்போம். ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு தோழியின் வீட்டுக்கு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய், அவள் அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசி, அடுத்த வாரம் அவளைத் திரும்ப வர வைத்தார். பட்டறை வேலைக்குப் போய்விட்ட பையனை இழுத்துக்கொண்டு வந்த தலைமையாசிரியர் கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

இவற்றில் பொதுவாக ஒரு விஷயம் இருக்கிறது, அது அன்பு, அர்ப்பணிப்பு என்று மேடையில் சொல்வார்களே அதைவிடச் சாதாரணமானது. நேரம். அந்த ஆசிரியர்களிடம் நேரம் இருந்தது, எங்களைப் பேர் பேராகத் தெரிந்திருந்தது. யார் சாப்பிடாமல் வந்திருக்கிறான், யார் வீட்டில் சண்டை, யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததற்குக் காரணம், வருடக்கணக்கில் அதே ஊரில், அதே வகுப்பில் அவர்கள் இருந்ததுதான். வருகைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. எந்தத் திட்ட ஆவணத்திலும் இதற்கு வரி கிடையாது.

பள்ளி நினைவு என்றால் எல்லாம் இனிப்பு என்று எழுதிவிடவும் கூடாது. பிரம்பால் விரல் முட்டியில் வாங்கிய அடியையும், உதவித்தொகைப் படிவத்துக்காகச் சாதி சொல்லிப் பெயர் கூப்பிட்டு எழுந்து நிற்க வைத்ததையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு செப்டம்பர் 5 வேறு மாதிரி நாள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைந்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றி மாணவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் 2024-ல் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நல்ல ஆசிரியர் தானாகவே செய்திருப்பதைப் பரிந்துரையாக எழுத வேண்டிய நிலை. ஆசிரியரின் கையில் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

சரி, திட்டத்துக்கு வருவோம். ஆசிரியர் செலவை எப்படிக் குறைப்பது என்ற யோசனை சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததில்லை, அதன் ஒரு வேர் நம்ம எழும்பூரில்தான் இருக்கிறது. 1789 வாக்கில் அங்கே ஆண் பிள்ளைகளுக்கான ஓர் அநாதை விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் கவனித்துக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார், தன் பள்ளியிலும் மூத்த பிள்ளைகளை வைத்தே இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை ஏற்பாடு அவர் கண்ணில் ஒரு முறையாகத் தெரிந்துவிட்டது. 1797-ல் லண்டனில் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார், மெட்ராஸ் சிஸ்டம் என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஏன் பரவியது? ஓர் ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு அவ்வளவு செலவு போதும் என்று நினைத்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. திண்ணைப் பள்ளியில் இருந்தபோது அது ஒரு பழக்கம், இங்கிலாந்துக்குப் போனதும் சிக்கனத் திட்டம்.

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். 1944 சார்ஜென்ட் திட்டம் எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்குக் கொண்டுவர 40 வருடம் ஆகும் என்றது. பி.ஜி. கேர் குழு அது நீளம், 16 வருடம் போதும் என்றது. அரசியல் சாசனத்தின் 45-வது பிரிவு அதையும் சுருக்கி, சாசனம் நடைமுறைக்கு வந்த 10 வருடத்துக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. அதாவது 1960. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. ஐம்பது வருடத் தாமதம். இலக்கை நிர்ணயித்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள்தான், ஆனால் அந்தப் பத்து வருடத்துக்குள் எத்தனை ஆசிரியர் வேண்டும், அவர்களை யார் பயிற்றுவிப்பது என்ற கணக்கு அந்த இலக்கோடு சேர்ந்து வரவில்லை.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் செய்த ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காமராசர் காலத்துக் கல்வி என்றால் எல்லோரும் மதிய உணவைச் சொல்வார்கள், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைச் சொல்வார்கள். அதிகம் பேசப்படாதது, 1955-ல் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேர்த்துக் கொண்டுவந்த மூன்று நலத் திட்டம். ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு மூன்றும் ஒன்றாக. அதுவரை தனியார் நிர்வாகத்தின் கீழ் வேலை பார்த்த ஆசிரியர் ஓய்வு பெற்ற அன்றைக்குக் கையில் வைப்பு நிதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மாதாமாதம் ஒன்றும் வராது. என்னைக் கேட்டால் இந்த மாநிலம் ஆசிரியருக்குச் செய்த பெரிய மரியாதை அதுதான். சால்வை போட்டதில்லை, மாலை போட்டதில்லை, அறுபது வயதுக்கு மேல் சோறு போட்டது. அதே மாநிலம்தான் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை எடுத்துவிட்டு, ஊழியரும் சம்பளத்திலிருந்து பணம் போடும் பங்களிப்பு ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது, அதை எதிர்த்து இருபது வருடத்துக்கும் மேல் போராட்டம் நடந்திருக்கிறது.

தேசிய அளவில் ஆசிரியரை முழுக்கக் கணக்கில் எடுத்த ஆவணம் என்றால் கோத்தாரி குழுவின் அறிக்கைதான், 1966 ஜூனில் வந்தது. இந்தியாவின் தலைவிதி அதன் வகுப்பறைகளில் உருவாகிக்கொண்டிருக்கிறது என்ற அதன் முதல் வாக்கியத்தை மேற்கோள் காட்டாத கல்வியமைச்சர் இருக்க முடியாது. மேற்கோள் காட்டப்படாத பகுதியில், அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே தகுதி, ஒரே பொறுப்பு உள்ள ஆசிரியர்களுக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்றார்கள். பொதுப்பள்ளி முறை வேண்டும் என்றார்கள். தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்குப் போக வேண்டும், அதை 1986-க்குள் எட்ட வேண்டும் என்றார்கள். அந்த 6 சதவீதம் 1968 கொள்கையிலும் வந்தது, 1986-லும் வந்தது, 2020-லும் வந்தது. எட்டிய பாடில்லை.

அப்புறம் 1983 முதல் 1985 வரை ஆசிரியர்களுக்கென்றே ஒரு தேசியக் குழு இருந்தது, சட்டோபாத்யாயா தலைமையில். அது இருந்ததே பலருக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நான்கு வருட ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பு வேண்டும் என்று அது சொன்னது. 2020 கொள்கையும் 2030-க்குள் அதே நான்கு வருடப் படிப்புதான் குறைந்தபட்சத் தகுதி என்கிறது, புதிய யோசனை மாதிரி. முப்பத்தைந்து வருடம் அந்தப் பரிந்துரை அலமாரியில் இருந்தது. இடையில் மூலைக்கு மூலை பி.எட். கல்லூரி வந்து, அதில் சிலவற்றில் வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கலாம் என்ற நிலைமையும் வந்தது.

1986 கொள்கையின் கையோடு வந்தது கரும்பலகைத் திட்டம், 1987-ல். அதன் கேட்பு மிகச் சிறியது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் இரண்டு அறை, குறைந்தது இரண்டு ஆசிரியர், முடிந்தால் அதில் ஒருவர் பெண், கொஞ்சம் கற்பித்தல் பொருள்கள். அவ்வளவுதான். ஓராசிரியர் பள்ளி என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர். மத்திய அரசின் யுடைஸ் புள்ளிவிவரப்படி 2024-25-ல் நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் 1,04,125. அவற்றில் படிக்கும் பிள்ளைகள் சுமார் 33.76 லட்சம். அதே வருடத்தில்தான் நாட்டின் மொத்த ஆசிரியர் எண்ணிக்கை முதல் தடவையாக ஒரு கோடியைத் தாண்டியது என்று பெருமையாக அறிவித்தார்கள். இரண்டு எண்ணும் ஒரே அறிக்கையில் இருக்கின்றன.

இங்கே சராசரி என்ற கணக்கு எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். 33.76 லட்சத்தை 1,04,125-ஆல் வகுத்தால் ஒரு பள்ளிக்கு 32 பிள்ளைகள் வருகிறது. ஓர் ஆசிரியருக்கு 32 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குக் கேட்பது 30-க்கு ஒருவர். டில்லியில் உட்கார்ந்து அட்டவணை பார்ப்பவருக்கு இது ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். பள்ளிக்குள் போனால் அந்த 32 பேர் ஐந்து வகுப்பில் இருப்பார்கள். ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ எழுத வேண்டும், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்ல வேண்டும், ஒரே ஆள், ஒரே நேரம்.

இன்னொரு உதாரணம். சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 121 முதல் 200 வரை ஐந்து ஆசிரியர். 58 பிள்ளைகள் உள்ள ஈராசிரியர் பள்ளியில் விகிதம் 29. 150 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் விகிதம் 30. காகிதத்தில் முதல் பள்ளிதான் மேல். ஆனால் இரண்டாவது பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். முதல் பள்ளியில் ஐந்து வகுப்பு, பாடம் பாடமாகப் பிரித்தால் இருபதுக்கும் மேல், அதை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், எமிஸ் என்ற பள்ளி விவர இணையதளத்தில் பதிவேற்றம், விலையில்லாப் பொருள் எடுத்துவர ஒன்றியத் தலைநகருக்குப் போவது, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். அவர் வெளியே போகும் நாளில் அது ஓராசிரியர் பள்ளி. இன்னொருவர் பயிற்சிக்குப் போகும் நாளிலும் ஓராசிரியர் பள்ளி. இப்படிப்பட்ட நாள்களை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை.

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து அந்த வருடத்துக்கான ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிப்பது வழக்கம். நான்கைந்து பிள்ளைகள் குறைந்தால் ஒரு பணியிடம் உபரி, பணிநிரவலில் டீச்சர் வேறு ஊருக்குப் போவார். பள்ளியில் ஓர் ஆசிரியர் குறைந்ததும் பெற்றோர் இன்னும் இரண்டு பிள்ளைகளை மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேன் வரும் பள்ளிக்கு அனுப்புவார்கள், அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறையும். இந்த வட்டத்தில் ஆசிரியர் இருந்ததால் பிள்ளை வந்ததா, பிள்ளை வந்ததால் ஆசிரியர் இருந்தாரா என்ற கேள்விக்குக் கணக்கில் ஒரே பதில்தான், பிள்ளை முதலில். ஊரில் போய்க் கேட்டால் பதில் மாறும்.

இதே காலத்தில்தான் ஒரே வேலைக்கு வெவ்வேறு சம்பளம் என்பது இயல்பாகிப் போனது. 2009 ஜூன் 1-க்கு முன்பு சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்றும் அன்றைக்கும் அதற்குப் பிறகும் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் நிர்ணயித்தார்கள், 3,170 ரூபாய் வித்தியாசம். ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து அறை. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அந்த முழக்கம் ஆட்சி மாறி மாறி வந்தும் நிற்கவில்லை. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்றவற்றுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. கோத்தாரி குழு கேட்ட ஒரே சம்பளம் எங்கே, இது எங்கே. செப்டம்பர் 5 அன்று இவர்களுக்கும் சேர்த்துத்தான் பூங்கொத்து.

நேரத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதைச் சட்டமே எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு ஆசிரியரைக் கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றும் நீங்கலாக. நம் நாட்டில் இந்த மூன்றைத் தவிர வேறு என்ன பெரிய வேலை இருக்கிறது என்று தெரியவில்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாகப் போனவர்களில் ஆசிரியர்கள் கணிசம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். ஆசிரியரை ஏன் கூப்பிடுகிறார்கள் என்றால், அரசாங்கத்துக்கு எல்லாக் கிராமத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த, ஊர் நம்புகிற ஊழியர் அவர்தான். அந்த நம்பிக்கை வகுப்பறையில் சம்பாதித்தது, செலவாவது வேறு இடத்தில்.

2025 செப்டம்பர் 1 அன்று, அதாவது ஆசிரியர் தினத்துக்கு நான்கு நாள் முன்பு, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் கட்டாயம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும், ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே அந்தக் காலத்துத் தகுதியோடு சேர்ந்து பதினைந்து இருபது வருடம் பாடம் எடுத்தவர்களும் இதில் அடக்கம். பிள்ளைக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆசிரியர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாமல் பழைய நோட்ஸை வைத்தே ஓட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் 2012-ல் முதல் தடவை நடந்த தகுதித் தேர்வில் எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்ற கேள்வி அப்போதே கேட்டிருக்க வேண்டியது. இருபது வருடமாக ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து அறிவிக்கும் ஒருவரின் திறமையைக் கொள்குறி வினாத்தாளில் கண்டுபிடிக்கலாம் என்று நம்புவதைவிட, அவர் வகுப்பில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்ப்பது உருப்படியாக இருக்கும். உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும், அதற்கும் பணியிடம் வேண்டும், மறுபடி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

மத்திய அரசும் மாநில அரசும் மல்லுக்கு நிற்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவசரநிலைக் காலத்தில், 1976-ல் 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. அதன் பலனை 2024-25-ல் கண்கூடாகப் பார்த்தோம். மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் 2020 கொள்கையை முழுக்க ஏற்றதாக ஆகிவிடும் என்று தமிழ்நாடு மறுத்தது, அதைக் காட்டி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது, மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. அந்தக் கொள்கை சொல்லும் மும்மொழி பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். நின்றுபோன பணத்தில் சிறப்பாசிரியர்களின் சம்பளமும் இருந்தது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள். ஒப்பந்தச் சண்டையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. 2025 ஆகஸ்ட் 8 அன்று நீதிபதி முருகேசன் குழு தயாரித்த மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. இருமொழியும் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் இல்லை என்பதும் தலைப்புச் செய்தியாயின. ஆசிரியர் பணியிடம் பற்றி அந்த வாரம் தொலைக்காட்சியில் ஒரு விவாதம்கூட என் கண்ணில் படவில்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும், ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,04,125 ஓராசிரியர் பள்ளிக்கும் ஒரு ஆசிரியரைக் கூடுதலாகப் போடுவதாக வைத்துக்கொள்வோம், 1987-ல் கேட்ட அதே இரண்டாவது ஆசிரியர். படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் என்று எடுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 5,000 கோடி. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 78,572 கோடி, அதில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு மட்டும் 41,250 கோடி. இது மத்திய அரசு பங்குதான், மாநிலங்கள் போடுவது இதைவிடப் பல மடங்கு. மொத்தத்தில் பார்த்தால் 5,000 கோடி மலைக்க வைக்கும் தொகை இல்லை. சிக்கல் வேறு. இரண்டு வகுப்பறை, கணினி, திறன் பலகை எல்லாம் ஒரு தடவைச் செலவு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஆசிரியர் முப்பது வருடச் சம்பளமும் அதற்குப் பிறகு ஓய்வூதியமும். அதனால்தான் மத்திய அரசு அதை மாநிலத்தின் தலையில் வைக்கப் பார்க்கிறது, மாநிலம் தொகுப்பூதியத்தில் சமாளிக்கப் பார்க்கிறது. ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் காலியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவு எழுத்தில் சொல்கிறது, அது எந்தக் கொள்கை விவாதத்திலும் எடுபடாத, ஆனால் யார் வேண்டுமானாலும் கையில் எடுக்கக்கூடிய பிரிவு. தங்கள் ஒன்றியத்தில் எத்தனை பணியிடம் அனுமதிக்கப்பட்டது, எத்தனை காலி, எத்தனை நாளாகக் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு விண்ணப்பமும் பத்து ரூபாய்க் கட்டணமும் போதும். முன்னாள் மாணவர்கள் சங்கம் என்ற பெயரில் வருடா வருடம் கூடி, பழைய ஆசிரியர்களை வரவழைத்துப் பொன்னாடை போர்த்துகிறவர்கள், அந்த விண்ணப்பத்தையும் அதே நாளில் எழுதி அனுப்பலாம்.